இதுவா? அதுவா? ஆங்கிலத்தில் முடிவு சொல்லப் பழகுவோம்!



காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை நாம் ஓயாமல் செய்யும் வேலை எது தெரியுமா? படிப்பு என்று சொன்னால் நம் ஆசிரியர்களே சிரிப்பார்கள்! இதுவா, அதுவா என்று முடிவெடுப்பதுதான் அந்த வேலை. இப்பவே எந்திரிக்கலாமா, இன்னும் பத்து நிமிஷம் தூங்கலாமா? மெஸ்ஸில் இட்லியா, பொங்கலா? டவுன் பஸ்ஸா, ஃபிரண்டோட பைக்கா? ஒர்க்‌ஷாப் ரெக்கார்டை இன்னைக்கு முடிக்கிறதா, நாளைக்குப் பாத்துக்கிறதா?

தமிழில் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி விடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்னைப் போல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவர்கள் நம்மில் ஏராளம். வொர்க்‌ஷாப்பில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ என்றதும் பாதிப் பேர் கடைசி பெஞ்சைத் தேடுகிறோம்.

இலக்கணப் புத்தகம் முழுவதையும் இந்தக் கட்டுரையில் கரைத்துக் குடிக்கப் போவதில்லை. ஒரே ஒரு மூலையை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். 'அல்லது', 'இல்லாட்டி', 'அதுக்குப் பதிலா', 'ரெண்டும் வேண்டாம்' என்பவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அவ்வளவுதான். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகினால்தான் வாய்க்கு வரும்.

நமக்குத் தெரியாததா?

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம்தான் பெருந்துறைக்குப் பக்கத்தில் உள்ள இன்றைய சீனாபுரம் என்பது நம் கொங்கு நாட்டில் வழங்கி வரும் செய்தி. அந்த நன்னூல் வினாக்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று ஐய வினா. இருட்டில் கிடப்பது பாம்பா, கயிறா என்று கேட்கிறோமே, அதுதான். 'ஓ' என்ற ஒற்றை எழுத்து இடைச்சொல்லுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது அந்த நூல்.

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். 'பஸ்ஸா, ரயிலா?', 'பஸ்ஸோ ரயிலோ', 'பஸ்லயாவது ரயில்லயாவது', 'ஒண்ணு பஸ்ஸு, இல்லீன்னா ரயிலு'. இத்தனையும் ஒரே குடும்பம். தமிழ் இந்த வேலையைச் சொல்லின் வாலில் ஒட்டிச் செய்கிறது. ஆங்கிலம் தனிச் சொல்லை முன்னால் வைத்துச் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவே! வாலில் இருப்பதைத் தலைக்கு மாற்றத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகி விட்டது.

'ஆர்' கேள்விக்கு 'யெஸ்' பதில் அல்ல

எல்லாவற்றுக்கும் அடிப்படை 'ஆர்' என்ற சின்னச் சொல். டீ ஆர் காஃபி? டே ஷிஃப்ட் ஆர் நைட் ஷிஃப்ட்? இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் பதிலில் இருக்கிறது.

நம் சீனியர் அண்ணன் ஒருவரை ஒரு கம்பெனி இன்டர்வியூவில் இப்படிக் கேட்டார்கள்: 'வுட் யூ ப்ரிஃபர் ப்ரொடக்‌ஷன் ஆர் மெயின்டனன்ஸ்?' அண்ணன் மரியாதையாக, 'யெஸ் சார்!' என்றார். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் 'யெஸ் சார்!' அறையில் இருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். அண்ணனுக்கு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். வைண்டிங் கட்டத் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அது எதுவும் வெளியே தெரியவில்லை.

காரணம் என்ன? கேள்வியின் ராகம். 'ப்ரொடக்‌ஷன்' என்னும்போது குரல் ஏறும். 'மெயின்டனன்ஸ்' என்னும்போது இறங்கும். ஏறி இறங்கினால் 'இரண்டில் ஒன்றைச் சொல்' என்று பொருள். இரண்டு சொல்லிலும் குரல் ஏறினால், 'இந்த மாதிரி ஏதாவது வேணுமா?' என்று பொருள். விருந்துக்குப் போன வீட்டில் 'டீ, காப்பி ஏதாச்சும் சாப்பிடறீங்களா?' என்று கேட்பது போல. அதற்கு 'யெஸ்' சொல்லலாம். முன்னதற்குச் சொல்லக் கூடாது.

ஏறி இறங்கும் கேள்விக்கு ஐந்து பதில்களை மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: 'மெயின்டனன்ஸ், சார்.' நேரடியாகத் தேர்ந்தெடுப்பது.
இரண்டு: 'ஐதர் இஸ் ஃபைன், சார்.' எதுனாலும் சரிங்க.
மூன்று: 'போத், சார்.' ரெண்டும் வேணுங்க.
நான்கு: 'நைதர், தேங்க் யூ.' ரெண்டும் வேண்டாங்க.
ஐந்து: 'ஐ ஹேவ் நாட் டிசைடட் யெட்.' இன்னும் முடிவு பண்ணலீங்க.

இந்த ஐந்தில் அடங்காத பதிலே கிடையாது என்று சொல்லலாம்.

ஐதர் – ஆர்

'ஐதர்' என்றும் சொல்லலாம், 'ஈதர்' என்றும் சொல்லலாம். இரண்டு உச்சரிப்பும் சரி. சாய்ஸ் சொல்லும் சொல்லுக்கே சாய்ஸ்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போக இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று குன்னூர் வழி. மற்றது கோத்தகிரி வழி. இதை ஆங்கிலத்தில் சொன்னால்: 'ஃப்ரம் மேட்டுப்பாளையம் யூ கேன் ரீச் ஊட்டி ஐதர் வயா குன்னூர் ஆர் வயா கோத்தகிரி.' இதில் மூன்று விதிகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் விதி: தராசு விதி. 'ஐதர்' பின்னால் எந்த அச்சில் சொல் வருகிறதோ, 'ஆர்' பின்னாலும் அதே அச்சில் வர வேண்டும். 'ஐதர் பை பஸ் ஆர் பை ட்ரெயின்' சரி. 'ஐதர் பை பஸ் ஆர் ட்ரெயின்' என்றால் ஒரு தட்டு தாழ்ந்து விடும். வினைச்சொல்லுக்கும் இதே கதைதான்: 'ஆன் சண்டே ஐ வில் ஐதர் கோ டு ஊட்டி ஆர் ஸ்டே இன் த ஹாஸ்டல்.' இந்தப் பக்கம் 'கோ', அந்தப் பக்கம் 'ஸ்டே'. தராசு சமம்.

இரண்டாம் விதி: பக்கத்து வீட்டு விதி. சூப்பர்வைசரிடமோ ஹெல்பர்களிடமோ சாவி இருக்கிறது. ஒருமையா, பன்மையா? வினைச்சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பாருங்கள். 'ஐதர் த சூப்பர்வைசர் ஆர் த ஹெல்பர்ஸ் ஹேவ் த கீ.' ஹெல்பர்ஸ் பக்கத்தில் இருப்பதால் 'ஹேவ்'. திருப்பிப் போட்டால்: 'ஐதர் த ஹெல்பர்ஸ் ஆர் த சூப்பர்வைசர் ஹேஸ் த கீ.' அவ்வளவே!

மூன்றாம் விதி: இரண்டுக்குத்தான் 'ஐதர்'. 'எதுனாலும் சரி' என்று தனியாகச் சொல்லும்போது எதிரே இருப்பது இரண்டு என்றால் 'ஐதர்'. மூன்றோ அதற்கு மேலோ என்றால் 'எனி'. மெஸ்ஸில் இட்லி, பொங்கல், சந்தகை மூன்றும் இருந்தால் 'எனி ஆஃப் தெம் இஸ் ஃபைன்.' (சந்தகை போடுகிற மெஸ் எங்கே என்று கேட்காதீர்கள். உதாரணத்துக்குச் சொன்னேன்!)

ஒன்றா? இரண்டுமா?

இப்போது நம் லேப்புக்குள் வாருங்கள். 'அல்லது' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு.

வினாத்தாளில் 'அ' கேள்விக்கும் 'ஆ' கேள்விக்கும் நடுவில் 'அல்லது' என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே இரண்டில் ஒன்றுதான். ஆனால் 'கோவையில் குழாயில் வரும் தண்ணீர் சிறுவாணி அல்லது பில்லூர்' என்று சொன்னால்? ஒரு பகுதிக்கு ஒன்று வரலாம். இரண்டும் கலந்தும் வரலாம். அங்கே 'அல்லது' இரண்டையும் விலக்கவில்லை.

பேச்சில் இந்தக் குழப்பத்தைச் சந்தர்ப்பம் தீர்த்து வைக்கும். இயந்திரத்துக்குச் சந்தர்ப்பம் தெரியாது அல்லவா? அதனால்தான் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் இரண்டு தனித் தனி கேட் வைத்திருக்கிறார்கள். இரண்டு இன்புட்டில் ஒன்று வந்தாலும் சரி, இரண்டும் வந்தாலும் சரி, அவுட்புட் தருவது ஆர் கேட். லேப்பில் நாம் தொடும் 7432 ஐ.சி. ஒன்று மட்டும் வந்தால்தான் அவுட்புட் தருவது எக்ஸ்-ஆர் கேட், 7486 ஐ.சி. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் போடுகிறோமே, அந்த டூ-வே வயரிங்கின் கணக்கும் எக்ஸ்-ஆர் வகைதான். எந்த ஒரு ஸ்விட்சை மாற்றினாலும் விளக்கின் நிலை மாறும்.

இந்த 'அல்லது', 'மற்றும்', 'இல்லை' என்ற சொற்களைக் கணக்காக்க முடியும் என்று 1854-ல் ஒரு நூலில் விரிவாகக் காட்டியவர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். அந்தக் கணக்கை ரிலே, ஸ்விட்ச் சர்க்யூட்டில் பொருத்திக் காட்டியவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர். 1937-ல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேட்டின் பொருளே அதுதான். இலக்கணத்துக்கும் நம் சர்க்யூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்!

ஆங்கிலத்தில் 'ஒன்றுதான், இரண்டும் அல்ல' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் வாலில் 'பட் நாட் போத்' சேர்த்து விடுங்கள். 'ஆன்சர் ஐதர் கொஸ்டின் ஏ ஆர் கொஸ்டின் பி, பட் நாட் போத்.' இரண்டும் ஆகலாம் என்றால் 'ஆர் போத்'. 'யூ மே யூஸ் எ கால்குலேட்டர் ஆர் டேபிள்ஸ், ஆர் போத்.'

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்த் தோட்டங்களிலும் மில்களிலும் பார்க்காதவர் யார்? மோட்டார் கிளம்பும்போது ஸ்டார். வேகம் பிடித்ததும் டெல்டா. இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் விழுந்தால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும். அதற்காகத்தான் இன்டர்லாக் வைக்கிறோம். 'ஐதர் ஸ்டார் ஆர் டெல்டா, நெவர் போத்' என்பதை அங்கே கம்பியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

நைதர் – நார்

'அதுவும் இல்லை, இதுவும் இல்லை' என்பதற்கு நைதர் – நார். 'நைதர் த ஃப்யூஸ் நார் த ஸ்விட்ச் வாஸ் ஃபால்ட்டி.' ஃப்யூஸும் கெடவில்லை, ஸ்விட்சும் கெடவில்லை. தராசு விதியும் பக்கத்து வீட்டு விதியும் இதற்கும் பொருந்தும். 'நைதர்' ஏற்கெனவே எதிர்மறை என்பதால் இன்னொரு 'நாட்' சேர்க்கக் கூடாது. 'ஹி டிட் நாட் நைதர்...' என்று ஆரம்பித்தால் நின்று விடுங்கள்.

நார் கேட் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு இன்புட்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே ஒன்று தரும் கேட். பெயர்ப் பொருத்தம் அப்படியே இருக்கிறது.

இங்கே நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அது 'நாட்'டுக்குப் பின்னால் வரும் 'ஆர்'. கண்ட்ரோல் பேனலில் இப்படி எழுதியிருக்கும்: 'டூ நாட் ஓபன் த பேனல் ஆர் டச் த டெர்மினல்ஸ்.' இதை வார்த்தைக்கு வார்த்தை 'பேனலைத் திறக்காதே அல்லது டெர்மினலைத் தொடாதே' என்று மாற்றினால், ஏதோ ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும் என்று தோன்றும். உண்மைப் பொருள் அதுவல்ல. இரண்டுமே கூடாது! சரியான தமிழ்: 'பேனலைத் திறக்கவோ டெர்மினலைத் தொடவோ கூடாது.' நம் 'ஓ' இங்கே எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

டி மார்கன் விதி படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். 'அல்லது' முழுவதற்கும் மேலே ஒரு கோடு போட்டால், உள்ளே அது 'மற்றும்' ஆக உடையும். திறக்கவும் கூடாது, மற்றும் தொடவும் கூடாது. பரீட்சைக்காகப் படித்த விதி உயிரைக் காக்கும் இடம் இது.

இல்லாட்டி ஆபத்து!

அடுத்தது எச்சரிக்கை 'அல்லது'. லேத்தில் வேலை செய்யும்போது இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் முதல் பாடம் சக் கீயை எடுக்க மறக்காதே என்பது. 'ரிமூவ் த சக் கீ, ஆர் இட் வில் ஃப்ளை அவுட்.' சக் கீயை எடு, இல்லாட்டி பறந்து வரும். இங்கே 'ஆர்' என்பது சாய்ஸ் அல்ல. கட்டளையும் அதை மீறினால் வரும் விளைவும் சேர்ந்த ஜோடி.

இதையே 'அதர்வைஸ்' போட்டும் சொல்லலாம்: 'ஸ்விட்ச் ஆஃப் த சப்ளை, அதர்வைஸ், யூ மே கெட் எ ஷாக்.' ரிப்போர்ட்டிலும் கடிதத்திலும் எழுத 'அதர்வைஸ்' அழகு.

'ஆர் எல்ஸ்' என்றும் ஒன்று உண்டு. 'ஹர்ரி அப், ஆர் எல்ஸ் வி வில் மிஸ் த பஸ்' என்று நண்பனிடம் சொல்லலாம். ஆனால் பின்னால் ஒன்றும் சொல்லாமல் 'ஆர் எல்ஸ்!' என்று நிறுத்தினால் அது மிரட்டல். 'நாளைக்கு வராட்டி... அப்புறம் இருக்குது உனக்கு!' என்பது போல. ஹெச்.ஓ.டி.யிடம் முயற்சி செய்ய வேண்டாம்.

'அன்லெஸ்' என்றால் 'செய்தாலொழிய'. அதற்குள்ளேயே ஒரு 'இல்லை' ஒளிந்திருக்கிறது. 'டூ நாட் ஸ்டார்ட் த மெஷின் அன்லெஸ் த கார்ட் இஸ் குளோஸ்ட்.' கார்டு மூடியிருந்தாலொழிய மெஷினை ஓட்டாதே. 'அன்லெஸ் த கார்ட் இஸ் நாட் குளோஸ்ட்' என்று எழுதிவிட்டால் அர்த்தமே தலைகீழ்! கார்டு திறந்திருந்தால்தான் மெஷினை ஓட்ட வேண்டும் என்றாகி விடும். மெஷின் பக்கத்தில் மாட்டும் போர்டில் இப்படி ஒரு சொல் கூடினால், அதை நம்புகிறவன் விரல் போகும்.

பெயர் இரண்டு, பொருள் ஒன்று

மேனுவல் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொரு 'ஆர்'. 'த கெபாசிட்டர், ஆர் கண்டென்சர், இஸ் கனெக்டட் இன் சீரீஸ் வித் த ஸ்டார்ட்டிங் வைண்டிங்.' இதில் இரண்டு பொருளா? இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். இங்கே 'ஆர்' என்றால் 'என்கிற'. அடையாளம் காண ஒரு வழி: இரண்டு பக்கமும் கமா போட்டு அடைத்திருப்பார்கள். கமாவைப் பார்க்காமல் கடைக்குப் போனால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வருவோம்.

வெதர்: மனசுக்குள் இருக்கும் 'ஆ'

'போகலாமா வேண்டாமான்னு தெரியலை' என்கிறோமே, அந்த இரட்டை 'ஆ'வுக்கு ஆங்கிலத்தில் 'வெதர்'. வானிலைக்கும் இதே ஓசைதான், எழுத்து வேறு. 'ஐ டோன்ட் நோ வெதர் டு கோ ஆர் நாட்.' இதில் 'டு கோ' என்ற வடிவம் வந்தால் 'வெதர்' மட்டுமே வரும், 'இஃப்' வராது.

'மழை வந்தாலும் வராட்டியும் மேட்ச் உண்டு' என்பதற்கும் அதுவே: 'வெதர் இட் ரெய்ன்ஸ் ஆர் நாட், வி வில் ப்ளே.' தமிழில் 'ஆலும் – ஆட்டியும்'. ஆங்கிலத்தில் 'வெதர் – ஆர் நாட்'.

பதிலாக... விட...

ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதற்கு 'இன்ஸ்டெட் ஆஃப்'. இதன் பின்னால் வினைச்சொல் வந்தால் 'இங்' வால் ஒட்ட வேண்டும். 1937-ல் நம் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கிக் காட்டியது நாம் பெருமைப்படும் வரலாறு. அதைச் சொல்லிப் பார்ப்போம்: 'இன்ஸ்டெட் ஆஃப் இம்போர்ட்டிங் மோட்டார்ஸ், தே மேட் ஒன் இன் கோயமுத்தூர்.' இம்போர்ட் அல்ல, இம்போர்ட்டிங். (ஷானன் அமெரிக்காவில் ஆய்வேடு எழுதிய அதே 1937 என்பதையும் கவனியுங்கள்!)

பஸ் போய் விட்டது. சரி, ரயிலில் போகலாம். 'த பஸ் ஹேஸ் கான். லெட் அஸ் டேக் த ட்ரெயின் இன்ஸ்டெட்.' வாக்கியக் கடைசியில் வரும்போது 'ஆஃப்' தேவையில்லை.

'இதைவிட அது தேவலை' என்று சொல்ல 'ப்ரிஃபர்'. இங்கே நம் தமிழ் 'விட' நம்மை 'தன்' பக்கம் இழுக்கும். ஆனால் 'ப்ரிஃபர்' கேட்பது 'டு'. 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி.' 'தன்' வேண்டும் என்பது 'வுட் ராதர்': 'ஐ வுட் ராதர் வாக் தன் வெயிட்.' நின்னு காத்திருக்கிறதுக்கு நடந்தே போயிடலாம். இதில் 'வாக்', 'வெயிட்' இரண்டும் மொட்டையாக நிற்கின்றன. 'டு'வும் இல்லை, 'இங்'கும் இல்லை. ப்ரிஃபருக்கு 'டு', ராதருக்கு 'தன்'. இந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

பெரிய முடிவு

இட்லி, பொங்கல் வரைக்கும் சரி. மூன்றாம் ஆண்டு மாணவனான எனக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கும் முன்னால் இப்போது நிற்பது அதைவிடப் பெரிய 'இதுவா அதுவா'. எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் பேசிக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

'ஏங் கண்ணு, மேக்கொண்டு படிக்கறயா, இல்ல வேலைக்குப் போறயா?'

'இன்னும் முடிவு பண்ணலீங்கப்பா. எடம் கெடச்சா பி.இ. சேர்றனுங்க. இல்லாட்டி அப்ரண்டிஸ் போறனுங்க.'

'எதுனாலும் செரி சாமி. கடன் வாங்காம முடிஞ்சாச் செரி.'

மூன்று வரியில் நம் பாடம் முழுவதும் இருக்கிறது. அப்பாவின் முதல் கேள்வி: 'வில் யூ ஸ்டடி ஃபர்தர், ஆர் வில் யூ டேக் எ ஜாப்?' என் பதில்: 'ஐ ஹேவ் நாட் டிசைடட் யெட். இஃப் ஐ கெட் எ சீட், ஐ வில் ஜாயின் பி.இ.; அதர்வைஸ், ஐ வில் டூ அப்ரெண்டிஸ்ஷிப்.' அப்பாவின் முடிவு: 'ஐதர் இஸ் ஃபைன், அஸ் லாங் அஸ் வி டோன்ட் பாரோ.'

இங்கே ஒரு விஷயம் என் மனதில் பட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் இலக்கணம் பேசினேன் என்றுகூடச் சொல்லலாம். 'ஐதர்' என்று ஆரம்பித்ததுமே உலகம் இரண்டாகச் சுருங்கி விடுகிறது. படிப்பா, வேலையா? வெச்சாக் குடுமி, செரச்சா மொட்டை! மூன்றாவது வழி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

உண்மையில் டிப்ளமோ முடித்தவனுக்கு வழிகள் எத்தனை? நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி பெறலாம். நேராக வேலைக்குப் போகலாம். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பகுதி நேர பி.இ. படிக்கும் வழியும் நம் கோவையில் உண்டு. சொந்தமாக வைண்டிங் கடையோ லேத் பட்டறையோ போட்டவர்கள் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஐந்து வழிகள்! இரண்டு அல்ல.

ஆகவே பெரிய முடிவுக்கு முன் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். 'ஐதர்' என்று எழுதாதீர்கள். 'ஐ கேன்' என்று எழுதி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு வரி போடுங்கள். நடுவில் 'ஆர்' போடுங்கள். பிறகு ஒவ்வொரு 'ஆர்' மீதும் விரல் வைத்துக் கேளுங்கள்: இது ஆர் கேட்டா, எக்ஸ்-ஆர் கேட்டா? அதாவது, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா, முடியாதா? வேலையும் பகுதி நேரப் படிப்பும் சேர்ந்து போகும். முழு நேர பி.இ.யும் முழு நேர வேலையும் சேராது. நாம் எக்ஸ்-ஆர் என்று நினைத்த பல இடங்கள் வெறும் ஆர்தான் என்பது அப்போது தெரியும். என் தாளில் இப்போது ஐந்து வரிகள் இருக்கின்றன. அப்பாவிடமும் காட்டினேன். 'செரி, மெதுவா யோசி கண்ணு' என்றார்.

இன்டர்வியூவிலும் இதுவே கை கொடுக்கும். 'ஜாப் ஆர் ஹையர் ஸ்டடீஸ்?' என்று மடக்குகிற கேள்வி வந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று தடுமாற வேண்டாம். 'ஐ வுட் ராதர் வொர்க் ஃபர்ஸ்ட், சார். லேட்டர் ஐ கேன் ஸ்டடி பார்ட்-டைம், இன்ஸ்டெட் ஆஃப் லீவிங் த ஜாப்.' உங்கள் முடிவு அதுவாக இருந்தால், இந்த இரண்டு வாக்கியம் போதும். உங்களுக்கு ஆங்கிலமும் தெரியும், உங்கள் மனசும் உங்களுக்குத் தெரியும் என்று எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார்.

பழகுவது எப்படி?

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். தினமும் மூன்று முடிவுகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். காலையில் ஒன்று, காலேஜில் ஒன்று, பொழுதோட ஒன்று. ரூம்மேட்டிடம் சொல்லுங்கள், அவன் கிண்டல் செய்தால் 'யூ கேன் ஐதர் லாஃப் ஆர் லேர்ன்' என்று சொல்லி விடுங்கள்! கீழே உள்ளவற்றில் தொடங்கலாம்.

1. காந்திபுரத்திலிருந்து போகலாம், இல்லாட்டி சிங்காநல்லூரிலிருந்து போகலாம்.
2. வோல்ட்மீட்டரும் வேலை செய்யலை, அம்மீட்டரும் வேலை செய்யலை.
3. ரெக்கார்டை இன்னைக்கு வை, இல்லாட்டி மார்க் போயிடும்.
4. படம் பார்க்கிறதுக்குப் பதிலா ஊருக்குப் போலாம்.
5. மெஸ் சாப்பாட்டை விட வீட்டு அரிசியும்பருப்புஞ் சோறு எனக்குப் பிடிக்கும்.

விடைகள்: 1. வி கேன் ஸ்டார்ட் ஐதர் ஃப்ரம் காந்திபுரம் ஆர் ஃப்ரம் சிங்காநல்லூர். 2. நைதர் த வோல்ட்மீட்டர் நார் த அம்மீட்டர் இஸ் வொர்க்கிங். 3. சப்மிட் த ரெக்கார்ட் டுடே, ஆர் யூ வில் லூஸ் மார்க்ஸ். 4. இன்ஸ்டெட் ஆஃப் வாட்சிங் எ ஃபிலிம், லெட் அஸ் கோ ஹோம். 5. ஐ ப்ரிஃபர் அரிசியும்பருப்பும் அட் ஹோம் டு மெஸ் ஃபுட். (இந்தச் சோற்றுக்கு ஆங்கிலப் பெயர் தேட வேண்டாம், அப்படியே சொல்லுங்கள்!)

நண்பர்களே! கையில் தொழில் இருக்கிறது. தலையில் விஷயம் இருக்கிறது. இரண்டையும் எதிரே இருப்பவருக்குக் கொண்டு சேர்க்க நாலு சின்னச் சொற்கள் துணைக்கு வந்தால் போதும். அடுத்த முறை யாராவது 'திஸ் ஆர் தட்?' என்று கேட்டால் 'யெஸ் சார்' வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து உங்கள் தேர்வைச் சொல்லுங்கள்.